காப்பு என்பது எது?



நம்பினவரை அய்யா காப்பார் என்று தாங்கல்தோறும் சொல்லி வருகிறோம். அப்படியானால் நம்பினவனுக்கு ஏன் இழப்பு வருகிறது? இப்படிக் கேட்பவனை நம்பிக்கை குறைந்தவன் என்று ஒதுக்கிவிடக் கூடாது. அவன் கேட்பது நியாயமான கேள்வி.

2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் குமரி மாவட்டத்தைப் புரட்டிப்போட்டது. பாட்டத்துக்கு நிலம் எடுத்து, மனைவியின் நகையை அடகு வைத்து, நானூறு மூடு ஏத்தன் வாழை வைத்திருந்தார் ஓர் அன்பர். குலை தள்ளி நின்ற வாழை முழுவதும் ஒரே நாளில் சாய்ந்தது. அந்தப் பங்குனியில் மனைவியும் நோயில் போய்விட்டாள். நகையை மீட்டுக் கொடுக்க முடியவில்லையே என்பதுதான் அவருக்குப் பெரிய துக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நெற்றியில் நாமம் இல்லாமல் தாங்கலுக்கு வெளியே வந்து நின்றார். "ஒரு ஞாயிறு தவறாமல் வந்தேனே, எனக்கு ஏன் இப்படி?" என்றார்.

முன்வினை என்றார் ஒருவர். கலியின் சோதனை என்றார் மற்றவர். இரண்டும் உண்மையாகவே இருக்கட்டும். அழுதுகொண்டு நிற்கிறவனிடம் அன்றைக்குச் சொன்னால் அவை கல்லெறிதான்.

அய்யாவின் வாழ்வைப் பார்ப்போம். சுவாதித் திருநாள் மன்னர் காலத்தில் அய்யாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். வழியெல்லாம் அடியும் ஏச்சும். திருவனந்தபுரத்தில் சிங்காரத்தோப்புச் சிறை. 1839 மாசியில்தான் விடுதலை. துன்பம் தம்மைத் தொடாமல் செய்துகொள்ள அய்யாவுக்கு முடியாதா? ஆனாலும் சிறைக்குப் போனார். கொதித்து எழுந்த மக்களையும் பொறுத்திருக்கச் சொன்னார். அப்படியானால் அடிபடாமல் இருப்பதைக் காப்பு என்று நாம் நினைத்திருந்ததுதான் தவறோ?

இன்னொன்றும் உண்டு. காணிக்கை வேண்டாம், பலி வேண்டாம் என்றவர் அய்யா. கொடுத்து வாங்குகிற வியாபாரம் அவரிடம் இல்லை. ஞாயிறு தவறாமல் வந்த கணக்கைக் காட்டி வாழைக்குக் காவல் கேட்க முடியாது. (நம்மில் பலர் மனசுக்குள் அந்தக் கணக்கை எழுதித்தான் வைத்திருக்கிறோம்.) பள்ளியறைக் கண்ணாடியின் முன் தலைப்பாகையோடு நிற்கும்போது தெரிவது நம் முகம்தான். அய்யா உள்ளே இருக்கிறார் என்பதற்கு அது அடையாளம். அதைக் காற்றால் சாய்க்க முடியாது. கடன்காரனும் வந்து கேட்க முடியாது.

அன்று அந்த அன்பருக்கு இதையெல்லாம் யாரும் சொல்லவில்லை. தர்மச் சோறு ஆக்கிக்கொண்டிருந்த பாட்டி ஒருத்தி, "மக்களே, ரெண்டு வாளி தண்ணி கோரித் தா" என்றாள். அவர் கோரிக் கொடுத்தார். பந்தியில் சோறும் விளம்பினார். கடைசியில் அந்தப் பாட்டியே அவர் நெற்றியில் நாமம் இட்டாள்.

அடுத்த ஆண்டு நூறு மூடு மட்டும் வைத்தார். கடன் அடைய வெகுநாள் ஆனது. ஏன் என்ற கேள்விக்கு அவரிடம் இன்றும் விடை இல்லை. தாங்கலில் யாராவது அழுதுகொண்டு வந்து நின்றால், முதலில் எழுந்து போய்ப் பக்கத்தில் உட்காருகிறவர் அவர்தான். ஒன்றும் பேசமாட்டார். கொஞ்சம் கழித்து வாளியை எடுத்து அவர்கள் கையில் கொடுப்பார்.