பேத்திக்கு ஒரு புத்தகம்

பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர், பதின்மூன்று வயது நிரம்பும் தம் பேத்திக்குப் பரிசளிக்க என்ன புத்தகம் வாங்கலாம் என்று கேட்டு வந்தபோது, கதை ருசிகரமாக இருக்கவேண்டும், ஆனால் ருசிக்காக மட்டும் இருக்கக்கூடாது என்று தாமே ஒரு நிபந்தனையும் விதித்தார். அந்த 'ஆனால்' என்ற சொல்லுக்குள் ஒரு பழைய தத்துவ விசாரம் ஒளிந்திருக்கிறது. நூலின்பம் என்பது தர்மமாகிய மருந்தைக் குழைத்துக் கொடுக்கும் தேன்தானா, அல்லது அந்த இன்பத்துக்கே ஆத்மாவைப் பக்குவப்படுத்தும் சக்தி உண்டா?

வேதம் எஜமானனைப்போல் ஆணையிடுகிறது, புராண இதிகாசங்கள் தோழனைப்போல் எடுத்துரைக்கின்றன, காவியமோ காதலியைப்போல் நெஞ்சைக் கவர்ந்து தன்வழிப்படுத்துகிறது என்று காச்மீரத்து மம்மடர் தம் காவ்யப்பிரகாசத்தில் வகுத்ததைப் பலரும் அறிவர். ஆனால் காவியத்தின் பயன்களை ஒவ்வொன்றாக அடுக்கிய அதே மம்மடர், ரசத்தைச் சுவைத்த கணத்திலேயே மற்றெல்லா அறிவும் கரைந்துபோக எழுகின்ற ஆனந்தமே அப்பயன்களுக்கெல்லாம் சிகரம் என்று உரைத்ததை நாம் போதிய அளவு நினைப்பதில்லை. கதையில் மூழ்கிய ஒரு சிறுமி, தாய் மும்முறை சாப்பிடக் கூப்பிட்டும் செவியில் ஏறாமல், திண்ணனார் தம் கண்ணைப் பெயர்க்க அம்பை எடுக்கும் இடத்தில் உடல் நடுங்கி உட்கார்ந்திருக்கும்போது, 'நான்', 'எனது' என்ற முடிச்சு அவள் அறியாமலே சற்று நெகிழ்ந்துவிடுகிறது. பிறர் துயரைத் தன் துயராக உணர்வதுதான் அறத்தின் வேர் என்றால், அந்த வேர் அப்போது மண்ணைப் பற்றிவிட்டது. பிள்ளைப் பருவத்தில் வர்ஜில் காவியத்து டைடோவின் மரணத்துக்குக் கண்ணீர் விட்டோமே, நம் ஆத்மாவின் கதிக்காக அழவில்லையே என்று அகஸ்டின் முனிவர் பிற்காலத்தில் தம்மை நொந்துகொண்டார். அம்மகானிடம் எனக்குள்ள பக்தி குறையாமலே சொல்லுகிறேன்: டைடோவுக்காக அழக் கற்ற நெஞ்சந்தான் பின்னர்த் தன் ஆத்மாவுக்காகவும் அழுதது.

நம் நாட்டிலும் இந்த அச்சம் இருந்தது. சோழ மன்னன் சமண காவியமாகிய சீவக சிந்தாமணியில் ஈடுபட்டுக் கிடப்பதைக் கண்டு அமைச்சர் சேக்கிழார் மனம் வருந்தினார் என்று, உமாபதி சிவாசாரியார் பெயரால் வழங்கும் சேக்கிழார் புராணம் கூறுகிறது. ஆனால் அவர் அந்நூலைக் குறைகூறியதோடு அமைந்துவிடவில்லை. அரசனது கையிலிருந்த சுவையை வேறொரு சுவையால்தான் விலக்க முடியும் என்பதை உணர்ந்தவராய், தில்லைக்குச் சென்று பெரியபுராணத்தையே பாடி முடித்தார். தடைவிதித்து ஒரு நூலை மறக்கச்செய்த பெரியவரை நான் இதுவரை கண்டதில்லை. பின்னும் ஒன்று: திருவாவடுதுறைச் சைவ ஆதீனத்தின் நிழலில் தமிழ் பயின்ற சாமிநாதையர், அந்தச் சிந்தாமணியையே பல பிரதிகளை ஒப்புநோக்கி 1887-இல் பதிப்பித்து நமக்கு அளித்தார், அதனால் அவருடைய சிவபக்தி எள்ளளவும் தேயவில்லை. ஆகையால், பிற சமயத்துக் கதையோ பிற தேசத்துக் கதையோ குழந்தையைக் கெடுத்துவிடும் என்று அஞ்சுவோருக்கு நான் இணங்குவதில்லை. எழுதியவனுக்கே ருசிக்காத நீதியை, வாசிப்பவர்மீது இரக்கமின்றிச் சுமத்துகிற நூல்தான் கெடுக்கும். அது புத்தகத்தின்மீதே வெறுப்பை விளைத்துவிடும்.

இவ்வளவையும் பொறுமையாகக் கேட்டிருந்த நண்பரிடம், "நீங்கள் அந்த வயதில் விளக்கை மறைத்து வைத்துக்கொண்டு படித்த புத்தகம் எது?" என்று கேட்டேன். சிறிது நேரம் மௌனமாக இருந்தவர், 'கல்கி'யில் வாரந்தோறும் வந்த 'சிவகாமியின் சபத'த்தைச் சொன்னார். ஆயனரும் சிவகாமியும் வாழ்ந்த காட்டைப்பற்றிப் பேசத் தொடங்கியதும் குரலே மாறிவிட்டது. அவருடைய தாயார் அந்தப் பக்கங்களைப் பத்திரிகையிலிருந்து பிரித்தெடுத்து, கோணி ஊசியால் தைத்து, அட்டை போட்டு வைத்திருந்தாராம். அது இன்னும் பரணில் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும் என்று சொல்லி, வைத்த காபியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்.