அமிழும் தீவும் அயராத முயற்சியும்

தோன்றியவை யாவும் அநித்தியம் என்கின்றோம். அதைக் கேட்கும் சிலர், "அழியப்போவதைப் பேணுவானேன்? முயற்சி எதற்கு?" என வினவுகின்றனர். அன்பர்களே! இவ்வினாவைப் பசிபிக் மாகடலிலுள்ள ஹவாய்த் தீவுகளைக் கொண்டு ஆராய்வோம்.

அத்தீவுகள் கடலடியினின்று எரிமலைக் குழம்பு பொங்கிப் படிந்து உயர்ந்தவை. பெரிய தீவிலுள்ள மௌனா கியா மலை கடல்மட்டத்திற்கு மேல் 4,207 மீட்டர். கடலடி அடிவாரத்திலிருந்து அளப்பின் 9,000 மீட்டருக்கும் அதிகம். இத்துணைப் பெரிய மலைக்கும் அழிவு உண்டு. மழையும் ஆறும் அலையும் அரிக்கின்றன. சுமார் 50 லட்சம் ஆண்டு வயதான கவாய்த் தீவில், வைமேயாப் பள்ளத்தாக்கு ஏறக்குறைய 900 மீட்டர் ஆழம் அறுபட்டுள்ளது.

மற்றொரு காரணம் மலையினிடத்திலேயே உள்ளது. கனத்த இயந்திரத்தை நிறுத்திய தளம் நாளடைவில் தாழ்வதை ஆலைத் தொழிலாளர் அறிவர். அவ்வாறே மலையின் பளு கடலடித் தளத்தை வளைத்து அமிழ்த்துகின்றது. பெரிய தீவு இன்றும் ஆண்டுக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் தாழ்கின்றது. மேலும், அத்தளம் ஆண்டுதோறும் சில சென்டிமீட்டர் வடமேற்கே நகர்ந்து, எரிமலை ஊற்றைவிட்டு அகன்று, குளிர்ந்து இறங்குகின்றது. உயர்ச்சியிலேயே தாழ்ச்சியின் வித்து இருந்தது; அதை வீழ்த்த வெளிப்பகைவன் வேண்டியதில்லை.

நிற்க. வடமேற்கே மிட்வே என்னும் தீவு உளது. அதன் எரிமலை தோன்றி ஏறத்தாழ 2 கோடியே 80 லட்சம் ஆண்டுகளாயின. 1965-இல் அங்கே துளையிட்டபோது, ஒரு துளையில் 150 மீட்டருக்குக் கீழும், மற்றொன்றில் 370 மீட்டருக்குக் கீழுமே எரிமலைப் பாறை தென்பட்டது. மலை மூழ்கியும் தீவு நிற்பது எங்ஙனம்? சிறு பவளப் பூச்சிகள் முன்னவற்றின் கூட்டின்மேல் தம் கூட்டைக் கட்டி, மலை அமிழ அமிழத் திட்டை உயர்த்தி வந்தன. இவ்வுண்மையை டார்வின் 1842-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலிலேயே விளக்கினார்.

பவளப் பூச்சிகள் அமிழ்தலைத் தடுக்கவில்லை. அதற்குப் பின்தங்காமல் உழைத்தன, அவ்வளவே. இன்னும் வடக்கே, குளிர்ந்த நீரில் பவளத்தின் வளர்ச்சி குன்றுகின்றது. அங்கே பழைய மலைகள் யாவும் கடலுக்கடியிற் கிடக்கின்றன.

ஆதலின், அநித்தியம் சோம்பலுக்குச் சாக்காகாது. நேற்றுக் காத்த சீலம் இன்றைக்குப் போதாது. நேற்றுக் கற்ற கல்வியும் அத்தன்மைத்தே. காலம் தாழ்த்துமளவேனும் நாம் நாள்தோறும் கட்டவேண்டும். கட்டுபவர் மறைவர், அவர் விட்ட படியின்மேல் அடுத்தவர் நிற்பர்.