குடும்ப நோயை மறைக்கலாமா?



நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்றொரு சுரப்பி உண்டு. சிறுவயதில் உடலின் நோயெதிர்ப்புப் படையைப் பயிற்றுவிப்பது அதன் தொழில்; பருவ வயதுக்குப்பின் சுருங்கிவிடும். 1961இல் ஜாக் மில்லர் அதன் பயனை வெளிப்படுத்தும்வரை வைத்திய உலகம் அதனைப் பெரிதாக எண்ணியதில்லை. அதில் கட்டி வருவது அரிது. வந்தாலும் பெரும்பாலும் பரம்பரையானதன்று. ஆயினும் 1954இல் போல் வேர்மர் என்னும் வைத்தியர் விவரித்த பரம்பரை நோயொன்றில், பராதைரொயிட், சதையி, கபச்சுரப்பி ஆகியவற்றோடு ஒரு சிலருக்குத் தைமஸிலும் புற்றுக்கட்டி தோன்றுகிறது. ஆண்களுக்கே, அதிலும் புகைப்பவருக்கே, கூடுதலாக. இதற்குரிய மரபணு 1997இல் கண்டுபிடிக்கப்பட்டது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் அது கடத்தப்படும் வாய்ப்பு சரிபாதி.

இனிக் கேள்விக்கு வருவோம். புங்குடுதீவுக் குடும்பம் ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். 1990களின் தொடக்க இடப்பெயர்வோடு ஒரு கிளை ரொறன்ரோவில், ஒன்று பாரிசில், ஒன்று திரும்பவும் ஊரில். ரொறன்ரோ அண்ணருக்கு இந்நோய் இருப்பது தெரியவருகிறது. “தம்பியாக்களுக்குச் சொல்லாதேங்கோ, குமர்ப்பிள்ளையள் இருக்கிற வீடு, சம்பந்தம் குழம்பிப்போம்” என்கிறார் மனைவி. அவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. பெண் கேட்குமுன் மூன்று தலைமுறையைத் துருவும் ஊர் நம்முடையது. ஒரு வீட்டு நோயைச் செய்வினையாக்கிப் பரப்ப ஒரு செத்தவீட்டுப் பந்தல் போதும்.

ஒருவரின் நோய் அவருடைய இரகசியம் என்பது நியாயமே. ஆனால் ஊரிலுள்ள தம்பிக்கு அடிக்கடி சிறுநீரகக் கல் வருகிறது. கிணற்றுத் தண்ணீரின் குற்றம் என்று விட்டுவிடுகிறார். தீவுப்பகுதித் தண்ணீரை அறிந்த எவரும் அப்படித்தான் எண்ணுவர். பராதைரொயிட் மிகையாகச் சுரந்து இரத்தத்தில் கல்சியம் ஏறியதன் அடையாளமாகவும் அது இருக்கலாம். ஓர் இரத்தப் பரிசோதனை அதனைக் காட்டிவிடும். அதைச் செய்விக்கும் காரணம் அண்ணரின் வாய்க்குள் பூட்டிக் கிடக்கிறது. அந்த அறிவு அவருக்கு மட்டும் உரியதா?

அன்று என்றே சொல்வேன். ஊருக்குச் சொல்லவேண்டியதில்லை, உடன்பிறந்தாருக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லவேண்டும். கேட்டவர் பரிசோதனை வேண்டாம் என்றால் அது அவர் உரிமை. மணம் பேசும்போது? நிச்சயத்துக்கு முன் மணமக்கள் இருவரும் அறிந்திருக்கவேண்டும். தரகரும் சீதனம் பேசும் பெரியப்பாவும் அறியவேண்டியதில்லை. இதனால் சில சம்பந்தங்கள் குழம்பத்தான் செய்யும்.

வாயால் சொல்லக் கூச்சமெனில், உறவினரிடம் கொடுக்கத்தக்க கடிதமொன்றை வைத்தியரிடம் கேட்டுப் பெறலாம். அண்ணர் தொலைபேசி எடுக்கும்போது, தம்பியைச் சிகரெட்டையும் விடச் சொல்லட்டும்.