பொதுவும் ஒரு பொருளே

ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியில் ஒரே கிளாஸிலிருந்து இரண்டு ஆப்ஜெக்டுகளைப் படைக்கிறோம். உள்ளே இருக்கும் மதிப்புகள் அத்தனையும் ஒன்றே. இரண்டும் சமமா என்று கேட்டால் இல்லை என்றே விடை வருகிறது. குணங்கள் முற்றிலும் ஒத்திருந்தும் இது வேறு, அது வேறு. அப்படியானால் ஒன்றின் தனிமை அதன் குணங்களில் இல்லை. அது இருக்கிறது என்பதிலேயே இருக்கிறது.

பொதுமை எங்கே இருக்கிறது? பசுக்கள் அனைத்திலும் பசுத்தன்மை மெய்யாகவே உறைகிறது என்றனர் வைசேஷிகர். அது மனம் கற்பித்துக்கொண்டது என்றார் பௌத்தரான தருமகீர்த்தி. 1960களில் நார்வேயில் டாலும் நைகார்டும் சிமுலா மொழியில் கிளாஸை வகுத்தபோது, கணினியுலகம் வைசேஷிகர் பக்கம் சாய்ந்ததாகவே எனக்குத் தோன்றுகிறது: வகை முந்தியது, பொருள் பிந்தியது.

1995இல் நெட்ஸ்கேப்பில் 10 நாளில் ஜாவாஸ்கிரிப்டின் முதல் வடிவத்தை எழுதிய பிரெண்டன் ஐக், செல்ஃப் என்ற மொழியிடமிருந்து மூன்றாவது விடையொன்றைக் கடன் வாங்கினார். பொதுமையும் ஓர் ஆப்ஜெக்ட்தான். அதன் பெயர் புரோட்டோடைப். அவசரத்தில் பிறந்த மொழி என்று பழிப்போர் உண்டு. இந்த ஒரு முடிவுக்காக அதன் குறைகள் பலவற்றை நான் பொறுத்துக்கொள்வேன். 2015இல் கிளாஸ் என்ற சொல் மொழிக்குள் வந்த பின்னும் உள்ளே நடப்பது இதுதான்.

ஒரு பொருளிடம் ஒன்றைக் கேட்கிறோம். அது முதலில் தன்னிடம் தேடுகிறது; இல்லையென்றால் தன் மூலமான புரோட்டோடைப்பிடம், அங்கும் இல்லையென்றால் மூலத்தின் மூலத்திடம் தேடிச் செல்கிறது. மெத்தடுகள் பிறக்கும்போதே பிரித்துக் கொடுக்கப்பட்ட சொத்தல்ல, தேவைப்படும்போதெல்லாம் போய்க் கேட்டுப் பெறுபவை. ஆகவே இன்று மூலத்தில் செய்யும் ஒரு திருத்தம், நேற்றே பிறந்துவிட்ட பொருள்களின் நடத்தையையும் மாற்றிவிடுகிறது. நாம் பொதுவானது என்று பணிவதும் பழிப்பதும் எட்டாத உயரத்தில் நிற்பதன்று, நம்மைப் போலவே ஓரிடத்தில் இருப்பது, கைபட்டால் மாறக்கூடியது என்று கொண்டால், அதைத் தொடுகிறவர் தம் காரியத்தை மட்டும் செய்துகொள்வதாக எண்ணினாலும், தாம் ஒருபோதும் காணப்போகாதவர்களின் காரியத்திலும் கைவைத்தவராகிறார்.

மூடூல்ஸ் என்ற லைப்ரரி, எல்லா அரேக்களுக்கும் பொதுவான புரோட்டோடைப்பில் பிளாட்டன் என்று தனக்கொரு மெத்தடைச் சேர்த்து வைத்திருந்தது. ஆண்டுகள் கழிந்து மொழியே அப்பெயரில் ஒன்றைத் தர முன்வந்தபோது, மூடூல்ஸை நம்பியிருந்த பழைய இணையதளங்கள் உடையும் என்பது 2018இல் தெரிந்தது. மொழியை வகுக்கும் குழுதான் விட்டுக்கொடுத்தது. 2019இல் அந்த மெத்தட் பிளாட் என்ற பெயரில் வந்தது.