எவ்வளவு தூரத்தில் நிற்பது?

லென்ஸ் தேர்வைத் தொழில்நுட்பக் கேள்வியாகவே பேசிப் பழகிவிட்டோம். அக்கா பிள்ளைகளோடு செந்தோசாவின் யுனிவர்சல் ஸ்டூடியோஸுக்குப் போவதென்று முடிவானதும் எனக்கும் அறிவுரைகள் வந்தன. "எதுக்கும் ரெண்டையும் தூக்கிக்க." ஒன்று 35 மி.மீ., மற்றது 70-200 மி.மீ. பெரியது மட்டுமே ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. ஆனால் எடையைவிட வேறொன்றுதான் என்னை யோசிக்க வைக்கிறது.

ஃபுல் ஃபிரேம் கேமராவில் 35 மி.மீ. லென்ஸ் சுமார் 63 பாகைக் காட்சியை வாங்கும், 200 மி.மீ. 12 பாகையோடு நின்றுவிடும். கிட்டத்தில் எடுத்த முகத்தில் மூக்கு பெரிதாகத் தெரிவதற்கும், தூரத்துக் கோபுரம் ஆளின் முதுகோடு ஒட்டிக்கொள்வதற்கும் லென்ஸைக் காரணம் சொல்வோம். உண்மையில் காரணம் நாம் நிற்கும் தூரம். அங்கிருந்து எவ்வளவை வெட்டியெடுப்பது என்பதுதான் லென்ஸின் வேலை. ஆகவே லென்ஸைத் தேர்வது, மனிதர்களிடமிருந்து எவ்வளவு தள்ளி நிற்பேன் என்று வீட்டிலேயே முடிவு செய்வது.

200 மி.மீ. இருந்தால் இருபது மீட்டர் தள்ளி நின்று, ஐஸ்கிரீம் வழியச் சிரிக்கும் யாரோ ஒருவரின் குழந்தையை எடுத்துவிடலாம். "அப்பதான் இயல்பா வரும்" என்பார்கள். இயல்பாகத்தான் வரும். எடுப்பது தெரியாததால் அந்தத் தாயால் 'வேண்டாம்' என்று சொல்லவும் முடியாது.

குட்டை லென்ஸ் மட்டும் ஒருவரை நல்லவராக்கிவிடுமா? கார்த்தியே பிரெஸ்ஸோன் பெரும்பாலும் 50 மி.மீ. லென்ஸையே பயன்படுத்தினார்; யார் கண்ணிலும் படாதிருக்கத் தன் லைகாவின் பளபளப்பான பாகங்களைக் கறுப்பு டேப்பால் மறைத்தார். அவரும் அனுமதி கேட்டு எடுத்தவரல்ல. ஆனால் கண்டுபிடிக்கப்படும் தூரத்தில் நின்றார். முறைப்பு வந்தால் அதை வாங்கிக்கொள்ள வேண்டியவரும் அவர்தான். நான் கேட்பது அனுமதிச் சீட்டு அல்ல, இந்தக் குறைந்தபட்சச் சமத்துவத்தைத்தான்.

நம் பிள்ளைகள் விஷயத்தில் கணக்கு வேறு. பேட்டில்ஸ்டார் கலாக்டிகாவில் அவர்கள் அலறுவதை எடுக்க வேண்டுமென்றால் யாராவது ஒருவர் கீழேயே நிற்க வேண்டும். ஏறுபவர் கேமராவை லாக்கரில் வைத்துவிட வேண்டும். "மாமா, நீங்க வரலையா?" என்ற கேள்விக்கு நீள லென்ஸ் கௌரவமான ஒரு சாக்கைத் தருகிறது.

நான் 35-ஐ மட்டும் எடுத்துப் போகிறேன். பிள்ளைகள் அலறும் முகம் படமாகக் கிடைக்காது. அது நஷ்டம்தான். பக்கத்து இருக்கையில் அலறிக்கொண்டே அதை ஏற்றுக்கொள்ளலாம் என்றிருக்கிறேன்.