பிறர் வேரில் வாழ்தல்

தன் காலில் நிற்பதே மனிதனுக்கு அழகு என்று நாம் இளமை முதல் போதிக்கப்பட்டு வருகிறோம். பிறரை அண்டிப் பிழைப்பவனை ஒட்டுண்ணி என்று இகழவும் தயங்குவதில்லை. ஆனால் தாவர உலகத்தைச் சற்று நிதானமாக நோக்குகிறவனுக்கு, அந்தப் போதனையும் இந்த இகழ்ச்சியும் ஒருங்கே அவசரத்தில் பிறந்தவை என்று தோன்றாமல் இராது. பூத்துக் காய்க்கும் தாவர இனங்களில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்று பிறிதொரு தாவரத்தை உறிஞ்சியே ஜீவிக்கிறது; அவற்றிலும் பெரும்பாலானவை நம் கண்ணுக்குப் படாமல், மண்ணுக்கடியில், அயலாரின் வேரைப் பற்றிக்கொண்டு வாழ்கின்றன.

தமிழ்நாட்டு உழவர்கள் சுடுமல்லி என்றும், மராட்டிய உழவர்கள் டார்ஃபுலா என்றும் சொல்லும் செடி அத்தகையது. சோளமும் கம்பும் கரும்பும் அதற்கு இரை. அதன் விதை கால் மில்லிமீட்டர் அளவான தூசு. ஒரே செடி பல்லாயிரம் விதைகளை உதிர்க்கும். உதிர்ந்தவை பத்தாண்டுக்கு மேலும் மண்ணில் உயிரோடு காத்துக் கிடக்கும். முளைத்த விதை சில நாட்களுக்குள் ஒரு வேரைத் தொட்டாக வேண்டும். தொடாவிட்டால், கைம்முதல் ஏதும் இல்லாமையால், அங்கேயே மடியும். தொட்டுவிட்டாலோ, முளைவேரின் நுனி தடித்து உறிஞ்சும் உறுப்பாக மாறி, சோளத்தின் வேருக்குள் புகுந்து, அதன் நீர்க்குழாய்களோடு தன்னைப் பிணைத்துக்கொள்கிறது. பிறகு சில வாரங்கள் அது பச்சையம் இன்றி நிலத்தடியிலேயே வளர்கிறது. ஈரம் உள்ள நிலத்திலேயே பயிர் வாடுவதையும் குறுகுவதையும் இலை வெளிறுவதையும் கண்டு உழவன் காரணம் தெரியாமல் திகைத்து நிற்கிறான். சாண் உயரத்தில், சின்னஞ்சிறு வெண்பூக்களோடு, அந்தச் செடி வெளியே பிரத்தியட்சமாகும்போது கேட்டின் பெரும்பகுதி நடந்து முடிந்திருக்கும். அப்போது பிடுங்கி எறிந்தால் விதை விழுவது நிற்குமே தவிர, அவ்வருஷத்துப் பயிர் மீளாது.

இருட்டில் கிடக்கும் விதைக்கு வேரின் வரவை அறிவிப்பது எது என்பது இவ்விஷயத்தின் உள்ளார்ந்த விசித்திரம். 1966ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானிகள் பருத்தி வேரிலிருந்து கசியும் ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, அதுவே சுடுமல்லி விதையை எழுப்புகிறது என்று கண்டார்கள். ஒட்டுண்ணியைத் தானே அழைக்கும் பேதைமை ஒரு செடிக்கு எதற்கு என்ற கேள்வி அதன்பின் நாற்பது வருஷம் விடையின்றி நின்றது. 2005ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் விடை கண்டார்கள்: ஸ்ட்ரைகோலாக்டோன் எனப்படும் இவ்வகைப் பொருள்கள் வேர் உட்பூசணத்துக்காக அனுப்பப்படும் அழைப்பு. மண்ணில் மணிச்சத்து குறையக் குறைய, அதைத் தேடிக் கொணர்ந்து தரும் அந்தப் பூசணத்தைச் செடி உரத்து அழைக்கிறது; சுடுமல்லியோ அந்த அழைப்பை ஒட்டுக்கேட்டு முந்திக்கொண்டு வருகிறது. வளமிழந்த நிலத்தில், ஏழை உழவனின் பயிரில், அது மிகுந்து காணப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதைக் கொண்டு ஒட்டி வாழ்வதையே பாபம் என்று தீர்ப்பளித்துவிட வேண்டாம். நாம் தெய்வத்துக்கு அரைத்துச் சாத்தும் சந்தனமும் பிறர் வேரில் வாழும் மரமே. 1871ஆம் ஆண்டில் ஜான் ஸ்காட் என்பவர் இதை வெளியிட்டார். பிற்காலத்தில் கோயம்புத்தூரில் கரும்பு ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்த சி. ஏ. பார்பர், சந்தன வேரின் உறிஞ்சும் உறுப்பைச் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் நுணுகி ஆராய்ந்து எழுதினார். இன்றும் நாற்றங்காலில் சந்தனக் கன்றோடு துவரையையோ பொன்னாங்கண்ணியையோ சேர்த்து வளர்க்கிறார்கள். தோட்டத்தில் சவுக்கைத் துணை வைக்கிறார்கள். ஆயினும் சந்தனம் தன் இலையால் தானும் உழைக்கிறது. முந்நூறுக்கும் மேற்பட்ட தாவர இனங்களின் வேரைத் தொடவல்ல அது, ஒன்றையே பற்றி உறிஞ்சாமல், பலவற்றிலும் சிறிது சிறிதாகப் பெறுகிறது. ஆகவே பிறரைச் சார்ந்திருக்கிறோமா என்பதன்று கேட்கத்தக்க கேள்வி. எவரிடம், எவ்வளவு, அவர் எந்த நிலையில் இருக்கும்போது எடுக்கிறோம் என்பதே.

புணே நகரத்தை ஒட்டிய வாகட்டில் வசிக்கும் எனக்கு இந்தக் கேள்வி ஏட்டளவில் நின்றுவிடுவதில்லை. ம்ஹாதோபா கோயிலைச் சுற்றி வயலும் மனையுமாக இருந்த கிராமம், பக்கத்து ஹிஞ்சவடியில் கணினித் தொழில் பெருகியதும், வானளாவிய குடியிருப்புகளால் நிறைந்துவிட்டது. என்னைப் போன்ற வெளியூரார் பல்லாயிரவர் இங்கே வேரூன்றினோம். எங்கள் குழாயில் வரும் நீர் மாவள் பிரதேசத்து மலைகளுக்கிடையே உள்ள பவனா அணையில் புறப்பட்டு, ஆற்றோடு ராவேத் வரை வந்து, அங்கிருந்து பிம்ப்ரி–சிஞ்ச்வட் மாநகராட்சியால் இறைக்கப்படுவது. அணையிலிருந்தே நீரை மூடிய குழாயில் கொண்டுவரத் திட்டம் எழுந்தபோது, ஆற்றை நம்பிய உழவர்கள் தங்கள் பாசனம் கெடும் என்று அஞ்சினார்கள். 2011 ஆகஸ்டு 9ஆம் தேதி மும்பை–புணே விரைவுச் சாலையில் திரண்ட அவர்கள்மீது போலீசார் சுட்டதில் மூவர் மாண்டனர். திட்டம் பல்லாண்டுகள் நிறுத்திவைக்கப்பட்டது.

சுடுமல்லிக்குத் தான் பற்றிய வேரின் வாட்டம் தெரியாது. தெரிந்துகொள்ளும் கடமையும் அதற்கு இல்லை. மனிதனுக்கு அறிவு என்று ஒன்று கொடுக்கப்பட்டிருப்பதால், மண்ணுக்கடியில் மறைந்திருக்கும் அந்த இணைப்பைத் தோண்டிப் பார்க்க அவன் கடன்பட்டிருக்கிறான். நாம் கட்டும் தண்ணீர் வரி இறைத்த கூலிக்கும் சுத்திகரித்த செலவுக்கும் சரியாகலாம். அணைக்கு நிலம் விட்டவனுக்கும் ஆற்றங்கரையில் பயிர் செய்பவனுக்கும் நாம் பட்ட கடன் அதில் தீர்வதில்லை. சுடுமல்லிக்கு வேளாண் அறிஞர்கள் சொல்லும் பரிகாரங்களில் ஒன்று மண்ணுக்கு உரமூட்டுவது. கொடுப்பவன் செழித்திருந்தால் எடுப்பவனால் விளையும் கேடு குறைகிறது. நமக்கும் அதுவே வழி. ஒவ்வொரு குடியிருப்பும் தான் உபயோகித்த நீரைச் சுத்தம் செய்து மறுபடி பயன்படுத்தித் தன் தேவையைச் சுருக்கட்டும். வற்றும் கோடையில், அணையடி கிராமங்களின் குடத்துக்கும் வயலுக்கும் உரிய பங்கு போன பிறகே எங்கள் குழாய் திறக்கட்டும். அப்படி ஒரு முறை வருமானால், அதன் பொருட்டு வாரத்தில் சில நாள் வறண்ட குழாயோடு வாழ நான் மனமார உடன்படுவேன்.