மருந்துக்காகக் கேட்பவர் யாசகர் அல்லர்

கையேந்துவது இழிவு என்று சொல்லிச் சொல்லியே நம் குடும்பங்களில் பிள்ளைகளை வளர்க்கிறோம். கொடுக்கும் கையின் மேன்மையைப் பற்றிய நபிமொழி மதரஸாவில் ஓதும் சிறு பிள்ளைக்கும் மனப்பாடம். நல்ல வளர்ப்புத்தான்; அதை நாம் குறை கூற வரவில்லை. ஆனால் புற்றுநோய் புகுந்த வீட்டில் அந்த வளர்ப்பே சில சமயம் நோயாளியின் உயிருக்கு உலை வைத்துவிடுகிறது. முதல் மாதம் கையிருப்புக் கரைகிறது. இரண்டாம் மாதம் நகை அடகுக்குப் போகிறது. மூன்றாம் மாதம் வட்டிக் கடன். நான்காம் மாதம் ஊசி போடவேண்டிய தேதியைத் தள்ளிப்போடுகிறார்கள். இரண்டு வேளை மாத்திரையை ஒரு வேளையாக்குகிறார்கள். வாசலில் யாராவது விசாரித்தால் ‘அல்ஹம்துலில்லாஹ், இப்போது தேவலாம்’ என்று பதில் வருகிறது. மையித்தை எடுக்கக் கூடும்போதுதான் மஹல்லாவுக்கே சேதி தெரிகிறது.

இப்படி மறைத்து வைப்பதற்கு மார்க்கத்தில் இடம் இருக்கிறதா? ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள ஒரு ஹதீஸைக் கவனியுங்கள். கபீஸா இப்னு முகாரிக் (ரலி) என்னும் ஸஹாபி பிறருக்காக ஒரு பெருந்தொகைக்குப் பொறுப்பேற்றுக்கொண்டு, அதை அடைக்க உதவி கேட்டு நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்தார். நாயகம் (ஸல்) அவர்கள் அவரைத் திருப்பி அனுப்பவில்லை. ஸதகாப் பொருள் வரும்வரை தங்கியிருக்கச் சொல்லி, வந்ததும் அவருக்குத் தரச் செய்வதாக வாக்களித்தார்கள். அத்துடன், கேட்பதற்கு அனுமதியுள்ள மூவரையும் விளக்கினார்கள். இவரைப் போல் பொறுப்பேற்றுக் கடன்பட்டவர் ஒருவர். ஆபத்து வந்து பொருளெல்லாம் அழிந்துபோனவர் இரண்டாமவர். வறுமை வந்து தாக்கி, அவருடைய ஊரில் விவரமறிந்த மூன்று பேர் எழுந்து ‘ஆம், இவருக்கு வறுமை வந்துவிட்டது’ என்று சொல்லும் நிலையிலுள்ளவர் மூன்றாமவர். தேவை தீரும் அளவுக்கு இவர்கள் கேட்கலாம். அதற்கு மேல் கேட்டுத் தின்பது ஹராம் என்ற எச்சரிக்கையும் அதே ஹதீஸில் உண்டு.

வெள்ளமும் தீயும்தானா பொருளை அழிக்கும் ஆபத்து? ஒரு நோய், இருபது ஆண்டுச் சேமிப்பை ஆறு மாதத்தில் விழுங்குவதை நாம் கண்ணால் பார்க்கிறோம். அத்தகைய நோயாளிக்காகக் கேட்பவர் இந்த ஹதீஸின் நிழலில்தான் நிற்கிறார். அவரை யாசகர் என்று நினைப்பவர் ஷரீஅத்தை அறியாதவர்.

அந்த மூன்று சாட்சிகளை இன்னொரு முறை எண்ணிப் பாருங்கள். வறுமைப்பட்டவர் தெருத்தெருவாகச் சென்று தம் புண்ணைத் திறந்து காட்டவேண்டும் என்று ஹதீஸ் சொல்லவில்லை. விவரமறிந்தவர்கள் அவருக்காக எழுந்து பேசவேண்டும் என்கிறது. இன்று நம் ஊரில் அந்த மூவர் யார்? முதவல்லியும் இமாமும் ஜமாஅத் நிர்வாகியும்தான். பகரா சூராவின் 273-ஆம் வசனம், கேட்க நாணுவதால் அறியாதவன் கண்ணுக்குச் செல்வந்தராகத் தோன்றும் ஏழைகளைப் பற்றிப் பேசுகிறது. அவர்களை அடையாளத்தைக் கொண்டுதான் அறிய முடியும் என்கிறது. மாதம் இருமுறை பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் வீடும், கழுத்து நகை காணாமல் போன பெண்ணும், திடீரெனப் பள்ளிக்கூடம் நின்றுபோன பிள்ளையும் அடையாளங்கள் அல்லாமல் வேறென்ன? கந்தூரிக்கும் கல்யாணத்துக்கும் வீட்டுக்கு வீடு கணக்கெடுக்கத் தெரிந்த நமக்கு இது தெரியாமல் போவதில்லை.

‘எல்லாம் அல்லாஹ் பார்த்துக்கொள்வான்’ என்று சிகிச்சையையே நிறுத்திவிடுபவர்களும் உண்டு. நாட்டுப்புற அரபிகள் வந்து நாங்கள் மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று வினவியபோது செய்துகொள்ளுமாறு நாயகம் (ஸல்) அவர்கள் ஏவியதை உஸாமா இப்னு ஷரீக் (ரலி) அறிவித்திருக்கிறார்கள். தவக்குல் பற்றி இதற்கு மேல் இங்கு விரிக்கவேண்டியதில்லை.

இனி, உதவியை எங்கே தேடுவது? ஜகாத் நிதிக்கு வருமுன் தட்டவேண்டிய கதவுகள் சில உண்டு. அவற்றைத் தட்டாமலேயே தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்து, வீட்டை விற்ற பிறகு ஜமாஅத்துக்கு வருகிறார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும், காஞ்சிபுரம் காரப்பேட்டையிலுள்ள அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனையிலும் ஏழைகளுக்குச் சிகிச்சை கிடைக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் 1954-ல் தோன்றிய அடையாறு புற்றுநோய் நிலையமும் வசதியற்றவர்களை ஒதுக்காமல் பார்த்துவரும் இடம். 2012-லிருந்து நடைபெறும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெற வழி இருக்கிறது. முன்பு 72,000 ரூபாயாக இருந்த ஆண்டு வருமான வரம்பு பின்னர் 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள மையத்தில் பதியவேண்டும். திட்டத்தின் பட்டியலில் இல்லாத மருந்துக்கு இது உதவாது. ஆகவே சிகிச்சை தொடங்குமுன்பே மருத்துவமனையிலுள்ள காப்பீட்டு அலுவலரிடம் கேட்டுக்கொள்வது புத்திசாலித்தனம்.

‘காப்பீடு’ என்ற பெயரைக் கேட்டதும் பேணுதலுள்ள சிலர் பின்வாங்குகிறார்கள். வட்டியும் சூதும் கலந்த இன்ஷூரன்ஸ் வியாபாரத்தை அஞ்சுவது நல்ல ஈமானின் அடையாளமே. ஆனால் இத்திட்டத்தில் குடும்பத்தார் ஒரு காசும் கட்டுவதில்லை. பிரீமியம் முழுவதையும் அரசு கட்டுகிறது. நோயாளியைப் பொறுத்தவரை இது அரசு செய்யும் உதவி. இதை விட்டுவிட்டு வட்டிக் கடைக்குப் போகும் பேணுதல் என்ன பேணுதல் என்பது நமக்கு விளங்கவில்லை.

மருந்தின் விலை வேறொரு விஷயம். கம்பெனிப் பெயரை மட்டும் பார்த்து வாங்கினால் அதே மருந்துக்குப் பல மடங்கு கொடுக்க நேரும். இரத்தப் புற்றுநோயில் ஒரு வகைக்குத் தினமும், ஆண்டுக்கணக்கில் விழுங்கவேண்டிய ‘இமாடினிப்’ என்ற மாத்திரை இதற்கு நல்ல உதாரணம். ‘கிளிவெக்’ என்ற பெயரில் வெளிநாட்டுக் கம்பெனி விற்றது மாதம் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. இந்தியக் கம்பெனிகள் செய்தது சுமார் எட்டாயிரம் ரூபாய்க்குக் கிடைத்தது. அந்த வெளிநாட்டுக் கம்பெனியின் காப்புரிமைக் கோரிக்கையை உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 1-ஆம் தேதி நிராகரித்ததால்தான் மலிவான மாத்திரை நம் நாட்டில் நிலைத்தது. 2019-ல் மத்திய அரசின் மருந்து விலை ஆணையம் 42 புற்றுநோய் மருந்துகளின் வியாபார லாபத்தை 30 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தியது. ஆகவே டாக்டரிடம் வெட்கப்படாமல் கேளுங்கள்: ‘இதே மருந்து மூலப் பெயரில் கிடைக்குமா? மக்கள் மருந்தகத்தில் வாங்கலாமா? கம்பெனியே ஏழைகளுக்குத் தரும் உதவித் திட்டம் இதற்கு உண்டா?’ கிளிவெக் மாத்திரையையே அத்தகைய திட்டத்தின் மூலம் இலவசமாகப் பெற்ற நோயாளிகள் நம் நாட்டில் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். பெரிய மருத்துவமனைகளில் சமூகப் பணியாளர் என்று ஒருவர் இருப்பார். இந்த வழிகளெல்லாம் அவருக்கு அத்துப்படி. சிகிச்சைக்குப் போய்வர ரயில் கட்டணத்தில் புற்றுநோயாளிக்கும் துணைக்குச் செல்பவருக்கும் சலுகை இருக்கிறது. மருத்துவமனை தரும் சான்றிதழைக் காட்டவேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் பற்றாக்குறை விழும். அங்கேதான் ஜகாத் வருகிறது. மஸ்அலா தெரியாத குழப்பங்களும் அங்கேதான் வருகின்றன.

‘அவருக்கு மாடி வீடு இருக்கிறதே, ஜகாத் ஆகுமா?’ என்பது அடிக்கடி காதில் விழும் கேள்வி. குடியிருக்கும் வீடு, வீட்டுச் சாமான், தொழில் கருவி ஆகியவை அடிப்படைத் தேவையில் சேர்ந்தவை. ஹனபி மத்ஹபில், இவையும் கடனும் போக மிஞ்சியது 612 கிராம் வெள்ளியின் மதிப்பை எட்டவில்லையானால் அவர் ஜகாத் பெறத் தக்கவர். ஷாபிஈ மத்ஹபில், வருமானமும் பொருளும் தேவைக்குப் போதாதவர் ஏழையே; மாதம் இருபதாயிரம் சம்பாதித்து மருந்துக்கே முப்பதாயிரம் கொடுப்பவர் ஏழையல்லாமல் வேறு யார்? பெண்களின் நகையில் இரு மத்ஹபுக்கும் வேறுபாடு இருக்கிறது. ஹனபியில் நகையின் மதிப்பும் கணக்கில் சேரும். ஷாபிஈயில் அவள் தகுதிக்கேற்ப வழக்கமாக அணியும் நகை அவளை ஏழை என்ற நிலையிலிருந்து நீக்காது. வைத்தியத்துக்காகக் கடன்பட்டு அடைக்க வழியற்றவரோ, தவ்பா சூராவின் 60-ஆம் வசனம் எண்ணிக்காட்டும் எட்டு வகையாரில் கடனாளி என்ற வகையிலும் வந்துவிடுகிறார்.

தாய் தந்தைக்கும் பிள்ளைகளுக்கும் மனைவிக்கும் தம் ஜகாத்தைக் கொடுக்கலாகாது; அவர்களைக் கவனிப்பது வேறு கடமை. ஆனால் உடன்பிறந்தவர், சின்னத்தா, பெரியத்தா, மாமி, அவர்கள் மக்கள் தகுதியுடையோராக இருந்தால் தாராளமாகக் கொடுக்கலாம். உறவினருக்குத் தரும் தர்மத்துக்கு இரண்டு நன்மை உண்டென்று நபிமொழி இருக்கிறது. தங்கை மார்பகப் புற்றுநோயோடு போராட, அண்ணனின் ஜகாத் நூறு நூறாகத் தெருவில் பங்கிடப்படும் காட்சி நம்மிடையே புதிதல்ல.

ரமலானில் மட்டும் ஜகாத் பையைத் திறக்கும் பழக்கம் மருந்து விஷயத்தில் பயன்படாது. ரமலானில் ஐயாயிரம் வாங்கிய நோயாளிக்கு துல்கஃதாவில் என்ன வழி? கடமையான ஜகாத்தைக் கையில் வைத்துக்கொண்டு மாதாமாதம் தருகிறேன் என்று தாமதிப்பதும் சரியல்ல. இதற்கு ஷரீஅத் தரும் வழி, வரும் ஆண்டுக்குரியதை முன்கூட்டியே கொடுப்பது. ஹஜ்ரத் அப்பாஸ் (ரலி) அவர்கள் அப்படிக் கொடுக்க அனுமதி கேட்டு, நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதித்ததை அபூதாவூத், திர்மிதி ஆகிய நூல்களில் காணலாம். ஷாபிஈ மத்ஹபில் ஓராண்டுக்கு மட்டும் முந்தலாம். ஊரில் பத்துத் தனவந்தர்கள் சேர்ந்து ஆளுக்கு மாதம் இரண்டாயிரம் என்று முன்கூட்டிய ஜகாத்தாக நிய்யத் செய்தால் ஒரு நோயாளியின் மருந்து ஓராண்டு தடையின்றி ஓடிவிடும். ஒருவருக்கே இவ்வளவா என்று தயங்கவேண்டாம். நிஸாப் அளவு ஒருவருக்கு ஒரே தடவையில் கொடுப்பது மக்ரூஹ் என்று ஹனபி நூல்களில் வருவது, கடனோ குடும்பப் பாரமோ இல்லாதவர் விஷயத்தில்தான்.

ஆனால் கொடுக்கும் முறையில் கவனம் தேவை. ஜகாத் நிறைவேற, அது ஏழையின் உடைமையாக வேண்டும். இதைத் ‘தம்லீக்’ என்பார்கள். நோயாளிக்குத் தெரியாமல் மருந்துக் கடையிலோ ஆஸ்பத்திரியிலோ பணத்தைக் கட்டிவிட்டால் ஜகாத் நிறைவேறாமல் போகக்கூடும். மருந்தை வாங்கி நோயாளி கையில் ஒப்படைப்பது ஹனபியில் செல்லும். ஷாபிஈயில் பணத்தின் ஜகாத்தைப் பணமாகவே தரவேண்டும். இரு மத்ஹபுக்கும் பொருந்தும் சுலப வழி: ‘எனக்கு வரும் ஜகாத்தை என் சார்பில் பெற்று மருந்துக்குக் கட்டுங்கள்’ என்று நோயாளியிடமே வகாலத்து வாங்கிக்கொள்வது. ஒரு துண்டுக் காகிதத்தில் அவர் கையெழுத்திட்டால் போதும். சிறு பிள்ளை நோயாளியானால், தந்தை ஏழையாக இருக்கும்போது அவரே பிள்ளைக்காகப் பெற்றுக்கொள்வார்.

நோயாளியின் போட்டோவை, முடி உதிர்ந்த கோலத்தோடு, கைபேசி வழியே ஊரெங்கும் அனுப்பிப் பணம் திரட்டும் வழக்கத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். மருத்துவமனைச் சீட்டை மூன்று பேர் பார்த்துச் சான்று சொன்னால் போதுமானது என்று ஹதீஸே கற்றுத்தந்திருக்க, ஒரு முஃமினான பெண்ணின் முகத்தை ஆயிரம் பேருக்குக் காட்டுவது எதற்கு? பகரா சூராவின் 264-ஆம் வசனம், சொல்லிக்காட்டியும் நோவினை செய்தும் தர்மத்தைப் பாழாக்குவதைத் தடுக்கிறது. காசோலையைக் கையில் கொடுத்துப் படம் பிடிப்பது நோவினையில் சேராது என்று வாதிப்பவர், அந்தப் படத்தில் தம் மனைவியை நிறுத்திப் பார்க்கட்டும். பிற சமயத்து அண்டை வீட்டாருக்கு இதே நோய் வந்தால் ஜகாத் அல்லாத ஸதகாவிலிருந்து கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும்.

கடைசியாக, கேட்கக் கூசினாலும் தெரிந்திருக்கவேண்டிய ஒன்று. உதவி பெற்ற நோயாளி மவுத்தாகிவிட்டால் மிஞ்சிய பணம் யாருக்கு? அவர் கையில் சேர்ந்துவிட்டது அவருடைய சொத்து. கபன் செலவு, கடன், வஸிய்யத் போக வாரிசுகளுக்குப் போகும். ‘நாங்கள் கொடுத்த பணம்’ என்று கமிட்டியார் திரும்பக் கேட்கலாகாது. நோயாளியின் வகாலத்தின் பேரில் கமிட்டியார் பெற்று வைத்திருந்ததும் அவ்வாறே. கொடுத்தவர்களின் பிரதிநிதியாக மட்டும் வைத்திருந்து இன்னும் ஒப்படைக்காத தொகையானால், தகுதியுள்ள வேறொருவருக்குக் கொடுத்துவிடவேண்டும். ஷாபிஈ மத்ஹபில் முன்கூட்டிக் கொடுத்தவர், ஆண்டு நிறையுமுன் வாங்கியவர் இறந்திருந்தால், தம் ஜகாத்தைப் பற்றி மீண்டும் ஆலிமிடம் விசாரித்துக்கொள்ளவேண்டும். பிரிக்காமல் கிடக்கும் மாத்திரை அட்டைகளும் வாரிசுச் சொத்துத்தான். வயது வந்த வாரிசுகள் தம் பங்கை வேறொரு நோயாளிக்கு, டாக்டர் பார்த்துச் சரியென்று சொன்ன பின் கொடுக்கலாம். வாரிசுகளில் சிறுவர் இருந்தால் அவர்கள் பங்கை இனாமாகத் தர யாருக்கும் உரிமையில்லை. அதன் விலையை எடுத்துவைத்துவிட்டு மருந்தை அனுப்பிவிடுங்கள்.